பக்கத்துத் தலையணைக் கனவுகள்

அத்தியாயம் 9

"பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போன பெரிய டாக்டர், நாற்பது நிமிடமாகியும் வரவில்லை.

"அண்ணி, டாக்டரோட பத்து நிமிஷமும் என் பொண்டாட்டியோட 'இதோ கிளம்பிட்டேன்'னும் ஒரே கடிகாரத்துலதான் ஓடுது" என்றான் வம்பு, இரும்புக் கதவில் முதுகைச் சாய்த்தபடி.

அண்ணி நிமிரவில்லை. ஆராய்ச்சி நிலையத்தின் மருந்துக் கிடங்கில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலி மாத்திரை அட்டைகளை மாதவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

உண்மையில் அவள் வம்புவுக்கு மட்டும்தான் அண்ணி. அவனுடைய அண்ணன் மனைவி. பதினைந்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யர்களைப் பிடித்தவள், சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, மூன்று வேலைகளை விட்டுவிட்டு நான்காவதைத் தேடிக்கொண்டிருந்த கொழுந்தனையும் சேர்த்துக்கொண்டாள். அவன் வாய் ஓயாமல் 'அண்ணி, அண்ணி' என்றதில் வாடிக்கையாளர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவனுக்கு வம்பு என்ற பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஐந்து நிமிடம் அவனோடு பேசினால் தெரிந்துவிடும்.

கிடங்கில் இன்னொருத்தியும் இருந்தாள். நிலையத்தின் மருந்தாளர். முப்பது வயது, தடித்த கண்ணாடி, வெள்ளைக் கோட்டு. நாற்பது நிமிடமாக அவள் அழாமல் இருப்பதே பெரிய காரியம்.

"மேடம், ஒருத்தர் மாத்திரையைக்கூட நான் மாத்தலை. சத்தியமா."

"மாத்தினீங்கன்னு நான் சொல்லவே இல்லையேம்மா" என்றாள் அண்ணி.

சொன்னது வேறொருத்தி. பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பாளராக இருக்கும் பெண்மணி, அன்று காலை அண்ணியின் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். அவள் கணவர் கட்டட வரைபடம் போடுகிறவர். ஐம்பத்தாறு வயதிலேயே மறதி நோய். வீட்டிலிருந்து கடைக்குப் போகும் வழி மறந்து, பிறகு கடை எதற்கு என்பதும் மறந்துபோனவர். இந்த நிலையத்தில் பரிசோதிக்கும் புது மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்த நான்காம் மாதம், பென்சிலை எடுத்துத் தன் வீட்டின் படத்தைத் தானே வரைந்தார். மாடிப்படி எத்தனை என்பது உட்பட.

"திரும்பி வந்துட்டார்னு நினைச்சேன் அண்ணி. ஏழு வாரமா மறுபடியும் சரியறார். யாரோ மாத்திரையை மாத்திட்டாங்க. மருந்து பலிக்கலைன்னு இன்னிக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்குப் பட்டியல்லேர்ந்து அவர் பேரை அடிக்கப் போறாங்க. அடிச்சா அவ்வளவுதான். இந்த மருந்து வேற எங்கேயும் கிடைக்காது."

எழுந்து போகும்போது அவளே இரண்டு வார்த்தை தன்னைப் பற்றியும் சொன்னாள். பல் ஆஸ்பத்திரியில் முன்பு ஒரே நேரத்துக்கு இரண்டு பேரை வரச்சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வாளாம், இப்போது அந்தத் தொல்லை இல்லையாம். ஆனால் ராத்திரிதான் சரியில்லை. "ஒரே கனவு. நாலாங்கிளாஸ் ஜன்னல் கம்பியோட கலர்கூடத் தெரியுது. கவலைதான், வேற என்ன."

இப்போது மணி நாலு இருபது. அந்தக் கணவனும் மனைவியும் இதே கட்டடத்தின் காத்திருப்பு அறையில் இருந்தார்கள். பெரிய டாக்டர் குழுக் கூட்டத்தில் இருந்தார். அண்ணியும் வம்புவும் மருந்தாளரும் இங்கே.

கதவு திறக்க ஊழியர் இரண்டு பேருடைய அடையாள அட்டை வேண்டும். உள்ளே வரவும் இரண்டு, வெளியே போகவும் இரண்டு. டாக்டரும் மருந்தாளரும் அட்டை காட்டித் திறந்தார்கள். டாக்டரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் போனதும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. போன்களெல்லாம் வெளியே பெட்டியில். கிடங்குக்குள் போன் கூடாது என்பது விதி. நான்கு பக்கமும் தகரச் சுவர். ஜன்னல் கிடையாது. தட்டித் தட்டி வம்புவின் கை சிவந்ததுதான் மிச்சம். கிடங்கு இருந்தது நடையின் கடைக்கோடியில்.

கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் பொத்தான் மட்டும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதை அழுத்தினா கதவு திறக்கும்தானே?" என்றான் வம்பு, நாலாவது தடவையாக.

"திறக்கும் சார். ஆனா ரெண்டு அட்டை இல்லாம திறந்துட்டா, உள்ளே இருக்கற எந்த மாத்திரையையும் நம்பக் கூடாதுன்னு விதி. வெளியூர்ல இருந்து ஆள் வந்து சோதிக்கற வரைக்கும் எல்லாத்தையும் நிறுத்தி வெச்சுடுவாங்க. பத்து நாளாகும். நாப்பத்திரண்டு பேருக்குப் பத்து நாள் மருந்து கிடையாது."

"ஒருத்தருக்காக நாப்பத்திரண்டு பேரா? கை வைக்காதே" என்றாள் அண்ணி.

வம்பு கையைப் பையில் போட்டுக்கொண்டான். பொத்தானைப் பார்க்கும்படி நிற்காமல் திரும்பியும் நின்றான். அப்படியும் அது முதுகில் உறுத்தியது.

"அப்படி என்னதான் அந்த மாத்திரையில இருக்கு?" என்று கேட்டான்.

பேச ஒரு விஷயம் கிடைத்ததில் மருந்தாளருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "மூளை தனக்குத் தேவையான ஒரு புரதத்தைத் தானே தயார் பண்ணிக்கும் சார். வளர்ச்சிக் காரணின்னு சொல்வோம். செடிக்கு உரம் மாதிரி. நரம்பு செல்லெல்லாம் உயிரோட இருக்க, கிளைவிட அதுதான் வேணும். இந்த நோய்ல அது குறைஞ்சுபோகும்."

"வெளியிலேர்ந்து போட்டுவிடலாமே, ஊசியா."

"போகாது. அது பெரிய மூலக்கூறு. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கற காவல் அதை வாசல்லயே நிறுத்திடும். இந்த மாத்திரை ரொம்பச் சின்ன மூலக்கூறு. சந்துல நுழைஞ்சு உள்ளே போயிடும். போய் மூளைகிட்டயே, நீயே இன்னும் கொஞ்சம் தயார் பண்ணிக்கோன்னு சொல்லும்."

"அதாவது ஹோட்டல்லேர்ந்து சாப்பாடு கொண்டுவரலை. வீட்டு அடுப்பைப் பத்தவெச்சுட்டு வருது."

மருந்தாளர் சிரித்துவிட்டாள். "ஆமா. கிட்டத்தட்ட."

"போலி மாத்திரையும் கலந்து கொடுப்பீங்களா?" என்று அண்ணி கேட்டாள்.

"அது போன கட்டம் மேடம். இப்போ எல்லாருக்கும் அசல்தான்."

"நல்லது. வம்பு, இங்கே வா. இதைப் பார்."

அண்ணி இரண்டு வரிசையாக அட்டைகளை வைத்திருந்தாள். நோயாளிகள் காலி அட்டைகளைத் திருப்பித் தர வேண்டும். கூடவே, வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் தினமும் எழுதும் நாட்குறிப்பின் நகலும். அதுவும் விதி.

"முதல் வரிசை ஆரம்ப மாசங்கள். அட்டைக்குப் பின்னால தாள் எப்படிக் கிழிஞ்சிருக்கு?"

"அழகா. நகத்தால கோடு போட்ட மாதிரி."

"அந்தம்மா நகம். அவங்க எடுத்துக் கொடுத்திருக்காங்க. ரெண்டாவது வரிசை கடைசி ஏழு வாரம்."

வம்பு குனிந்தான். தாள் நாலா பக்கமும் பிய்ந்து, சில இடத்தில் அட்டையே நசுங்கியிருந்தது. "ஏதோ எலி சாப்பிட்ட மாதிரி இருக்கு."

"எலி இல்லை. நடுங்கற கை. அவரே எடுத்திருக்கார். அச்சிட்ட தாள் அசல், ஒட்டு அசல். மாத்திரையை யாரும் மாத்தலை."

மருந்தாளர் சட்டென்று சுவரில் சாய்ந்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியில் துடைத்தாள்.

"அப்போ அவர் எடுத்துக் குப்பைத்தொட்டியில போட்டுட்டார். மருந்து கசந்திருக்கும்" என்றான் வம்பு.

"கசக்கும்தான். ஆனா குப்பையில போடறதுக்கு ஒரு மனுஷன் இவ்வளவு போராடுவாரா? பதினாலாம் தேதி அட்டையைப் பார். ரத்தக்கறை. விரலைக் கிழிச்சுக்கிட்டும் விடலை." அண்ணி நாட்குறிப்பைத் திருப்பினாள். "ஏம்மா, இதுல 'கனவு'ன்னு ஒரு கட்டம் இருக்கே, எதுக்கு?"

"பக்க விளைவு மேடம். இந்த மாத்திரை சாப்பிடற முக்கால்வாசிப் பேருக்குக் கனவு ரொம்பத் தெளிவா வரும். ஒண்ணும் கெடுதல் இல்லை. குறிச்சுக்கறோம்."

அண்ணி ஆரம்ப மாதங்களைப் படித்தாள். 'கனவில் பழைய அலுவலகம் வந்ததாம்.' 'கனவில் அப்பாவின் சைக்கிள், மணிச் சத்தத்தோடு.' பிறகு ஏழு வாரத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. கனவுக் கட்டத்தில் ஒரு கோடு. மறுநாளும் கோடு. அதற்கப்புறம் கோடுதான். ஆனால் அதே செவ்வாய்க்கிழமை, பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், அந்தப் பெண்மணி சந்தோஷமாக ஒரு வரி எழுதியிருந்தாள்.

அந்த வரியின்மேல் அண்ணியின் விரல் நின்றது.

"என்ன அண்ணி?"

"மணி என்ன?"

"நாலு முப்பத்தஞ்சு."

"நாம வெளியே போகணும். இப்பவே. அஞ்சு மணிக்கு முன்னாடி காரணத்தைச் சொன்னா அவர் பேரை வைப்பாங்களா?"

மருந்தாளர் யோசித்தாள். "மருந்து ஏன் போய்ச் சேரலைன்னு காரணம் தெரிஞ்சா, கையெழுத்து ஆகறதுக்கு முன்னாடின்னா, நர்ஸ் முன்னால தினமும் முழுங்கற மாதிரி மாத்தித் தொடரலாம். கையெழுத்து ஆயிட்டா யாராலயும் முடியாது."

சிவப்புப் பொத்தானை மூன்று பேருமே பார்த்தார்கள். மூன்று பேருமே வேறு பக்கம் திரும்பினார்கள்.

அண்ணியின் பார்வை அலமாரி ஓரத்தில் நின்றது. ஒரு வெள்ளைக் கம்பி தொங்கியது. அதன் முனையில் விரல் நுனியளவு குமிழ். மேலே சின்னத் திரையில் பச்சை எண்: 22.4.

"அது என்ன?"

"வெப்பம் அளக்கறது. இருபத்தஞ்சைத் தாண்டினா எனக்கும் டாக்டருக்கும் போன்ல அலறும். முப்பதைத் தாண்டினாதான் மருந்தை நிறுத்தணும்…" சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "மேடம், அதைத் தொட்டா என் பேர்ல பதிவாகும். விளக்கம் கேட்டு எழுதுவாங்க."

"ஆகும்மா. அதனால நான் தொட மாட்டேன். நீங்க சொன்னா மட்டும்தான்."

மருந்தாளர் அந்தப் பிய்ந்த அட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கம்பியைத் தானே இறக்கி வம்புவிடம் நீட்டினாள். "முப்பதைத் தொடக் கூடாது சார்."

வம்பு குமிழை உள்ளங்கையில் பொத்திக்கொண்டான். எண் நகர்ந்தது. 23.1. 23.8. அப்புறம் நின்றது.

"கையெல்லாம் ஜில்லுன்னு இருக்குடா உனக்கு" என்றாள் அண்ணி.

"பயத்துல அண்ணி. வேணும்னா ஊதறேன்."

ஊதினான். கன்னம் உப்ப, கண் பிதுங்க ஊதினான். 24.6. 25.2. திரை மஞ்சளானது. 26. 27.

"கல்யாணமாகி ஆறு வருஷமா விட்ட பெருமூச்சுக்கு இன்னிக்குத்தான் ஒரு மரியாதை…"

"பேசாம ஊது!"

28.3. நடையில் சத்தம் ஒன்றும் இல்லை. 29. மருந்தாளரின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. 29.4.

"விடுங்க சார்! விடுங்க!"

விட்டான். எண் ஒரு நொடி 29.6 என்று காட்டிவிட்டு மெல்ல இறங்கியது. வெளியே ஓடி வரும் செருப்புச் சத்தம். வெளியே ஒரு பீப். உள்ளே மருந்தாளர் தன் அட்டையைக் காட்டினாள், இன்னொரு பீப். கதவு திறந்தது. பெரிய டாக்டர் வியர்த்து விறுவிறுத்து நின்றார்.

"என்ன ஆச்சு? ஏசி போச்சா?" என்றவர், தரையில் பரப்பியிருந்த அட்டைகளையும் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். "அடடா. உங்களை இங்கே விட்டுட்டு… அடடா."

"மன்னிப்பு அப்புறம் கேட்டுக்கலாம் டாக்டர். மணி நாலு நாப்பத்திரண்டு. என்கூடக் காத்திருப்பு அறைக்கு வாங்க" என்றாள் அண்ணி, நடந்துகொண்டே.

கணவரும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். அவர் சட்டையின் மேல் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அவள் எழுந்தாள். "கண்டுபிடிச்சீங்களா? யார் மாத்தினது?"

"ஒண்ணு கேக்கறேன். வீட்டுல காலையில காபி யார் போடறது?"

"காபியா?" அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "அவர்தான். ஏழு வாரமா. அடுப்பு எந்தப் பக்கம் திருப்பறதுன்னே மத்த நேரம் தெரியாது, ஆனா காலையில ஏழு மணிக்கு எனக்கு ஒரு கப் காபி மட்டும் தவறாது. நாட்குறிப்புல எழுதியிருந்தேனே. கொஞ்சம் கசக்கும். பாவம், நான் சொல்றதில்லை. சர்க்கரை கூடப் போட்டுக்குவேன்."

"ராத்திரி கனவு?"

"எனக்கா? அதான் காலையிலேயே சொன்னேனே…"

"அவருக்குக் கனவு நின்னது ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் உங்களுக்குக் காபி போட ஆரம்பிச்சதும் அதே செவ்வாய்க்கிழமை. அவர் கனவெல்லாம் எங்கேயும் காணாம போகலைம்மா. பக்கத்துத் தலையணைக்கு வந்திருக்கு."

அண்ணி அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "ஐயா, மாத்திரையை எதால பொடி பண்றீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையை. மாட்டிக்கொண்ட பள்ளிப் பையன்போல் மெதுவாகச் சொன்னார்: "ஸ்பூன்… பின்பக்கம்."

"எவ்வளவு ஆபத்து தெரியுமா!" என்று ஆரம்பித்த டாக்டர், அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எனக்கு எதுக்குங்க?" அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "எனக்கு என்ன?"

அவர் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். "நீ ஒரு கதை சொன்னே. உங்க ஆஸ்பத்திரியில. ஒருத்தர் பல் செட்டைப் பின் பையில வெச்சு… அதுமேலேயே உக்காந்துட்டார்னு. சிரிச்சோம். கொஞ்ச நேரம் கழிச்சு அதே கதையைச் சொன்னே. முதல்லேர்ந்து. புதுசா." அவர் நிறுத்தினார். "எனக்கு ஞாபகம் இருந்துது. எனக்கே ஞாபகம் இருந்துது."

அவள் உட்கார்ந்துவிட்டாள். "வேலை டென்ஷன்ல…" என்றாள். ஒரே நேரத்துக்கு வரச்சொன்ன இரண்டிரண்டு நோயாளிகளும் அவள் கண்முன் வந்து நின்றிருக்க வேண்டும்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அழுவே. நாம ரெண்டு பேர். மாத்திரை ஒண்ணுதான் இருந்துது."

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பது. டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்ப ஒண்ணு செய்யலாம். நாளையிலேர்ந்து அவர் நர்ஸ் முன்னாடி முழுங்கணும். சம்மதம்னா இப்பவே போய்ப் பட்டியலை நிறுத்தறேன். அம்மாவுக்கு இன்னிக்கே பரிசோதனை வெச்சுப் பாக்கலாம். நோய் இருந்தா அடுத்த குழுவுல கேட்டுப் பாக்கறேன். கிடைக்கும்னு சத்தியம் பண்ண முடியாது."

வரைபடக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். "அவளுக்கு இல்லேன்னா எனக்கும் வேண்டாம்."

"ஐயா, அப்படிச் சொல்லாதீங்க…" என்ற மருந்தாளரை அவர் பார்க்கவேயில்லை. நாலு ஐம்பத்திரண்டு. டாக்டர் உதவிக்கு அண்ணியைப் பார்த்தார். அண்ணி மனைவியைப் பார்த்தாள். இது துப்பறிகிறவர்கள் திறக்கக்கூடிய கதவு இல்லை.

அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மருந்தாளர் கிடங்கிலிருந்து எடுத்துவந்திருந்த இன்றைய மாத்திரையைக் கை நீட்டி வாங்கினாள்.

"இங்கே பாருங்க. நீங்க முழுங்கினா நான் இப்பவே பரிசோதனைக்குப் போறேன். முழுங்கலேன்னா நான் எந்த ரூமுக்கும் போக மாட்டேன். எனக்கு என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாமலே இருக்கும். எது வேணும்?"

"மிரட்டறியா?"

"ஆமா. ஏழு வாரம் எனக்குத் தெரியாம எனக்கு மருந்து கொடுத்தீங்க. நான் மிரட்டக் கூடாதா?"

அவர் கையைப் பிரித்தார். மாத்திரையை வாயில் போட்டார். தண்ணீர் குடித்தார்.

"ஆ காட்டுங்க."

காட்டினார்.

"நாக்கைத் தூக்குங்க. அந்தப் பக்கம். சரி." அவள் திரும்பினாள். "டாக்டர், ஓடுங்க!"

டாக்டர் ஓடினார். ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கூட்ட அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டி, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மருந்தாளர் இப்போதுதான் அழுதாள். வம்பு தன் கைக்குட்டையை எடுத்து நீட்டி, அது இருக்கும் நிலையைப் பார்த்துவிட்டு, மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டான்.

பரிசோதனை அறை காத்திருப்பு அறையை ஒட்டியே இருந்தது. வாசலில் வரைபடக்காரர் மனைவியின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மூணு வார்த்தை சொல்வாங்க. அப்புறம் வேற ஏதாவது பேசுவாங்க. அப்புறம் அந்த மூணையும் கேப்பாங்க. அதான் அவங்க தந்திரம். கையில எழுதிக்காதே. கண்டுபிடிச்சுடுவாங்க. நான் எழுதிப் பாத்துட்டேன்."

"சரிங்க."

"பயப்படாதே."

கதவு சாத்திக்கொண்டது. மெல்லிய பலகைக் கதவு. இத்தனை மாதம் அவள் உட்கார்ந்து காத்திருந்த நாற்காலியில் அவர் போய் உட்கார்ந்தார். உள்ளே பரிசோதகரின் குரல் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் இடைவெளி விட்டு ஒலித்தது: கத்தரி. பாலம். மஞ்சள். அதன்பின் இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று பேச்சு வேறெங்கோ போயிற்று.

வம்பு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் உதடுகள் விடாமல் அசைந்துகொண்டிருந்தன.

"என்ன ஐயா சொல்றீங்க?"

"பேசாதேப்பா. அவ மறந்துட்டா நான் சொல்லணும்." கண்ணை இறுக மூடிக்கொண்டார். "கத்தரி… பாலம்…"

நின்றுவிட்டது. நெற்றியில் வியர்வை பூத்தது. ஒரு கை நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டது. வம்புவின் நாக்கு நுனியில் அந்த மூன்றாவது வார்த்தை தயாராக இருந்தது. சொல்ல வாயெடுத்தவனின் தோளை அண்ணி அழுத்தினாள்.

கடிகாரம் நகர்ந்தது. உள்ளே யாரோ காகிதம் புரட்டினார்கள்.

"மஞ்சள்" என்றார் அவர்.